ரிப்போர்ட்டில் ‘வளையம்’ என்று இருக்கிறது. அத்தானுக்கு மூளைக் கட்டியா?

குலசேகரத்துக்காரன் | ஞாயிறு, இரவு 9.40

அக்காவின் கணவருக்கு வயது 41. ரப்பர் பால்வெட்டும் தொழில். போன வாரம் விடிவதற்கு முன் தோட்டத்தில் வெட்டிக்கொண்டிருந்தபோது வலது கை தானாகத் துடித்திருக்கிறது. பிறகு உடல் முழுவதும் இழுத்து விழுந்துவிட்டார். நெற்றி விளக்கு தரையில் எரிந்துகொண்டு கிடப்பதைப் பார்த்துத்தான் பக்கத்து வரிசையில் வெட்டியவர் ஓடிவந்திருக்கிறார்.

முதலில் சி.டி. எடுத்தார்கள். அதில் ஏதோ தெரிகிறது என்று எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் சொல்வது இது: மூளையின் இடது பெரைட்டல் பகுதியில் 14 மில்லிமீட்டர் அளவில், மருந்து ஏற்றியபின் வளையமாக ஒளிரும் ஒரு புள்ளி, சுற்றிலும் நீர்க்கோர்ப்பு. கிரானுலோமாவாக (தொற்றால் வரும் சிறு முடிச்சு) இருக்க வாய்ப்பு அதிகம். நியோபிளாசத்தையும் (புதிதாக வளரும் கட்டி) கருத்தில் கொள்ளவும். நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்.

வீட்டில் எல்லாருடைய கண்ணும் நியோபிளாசம் என்ற சொல்லில்தான் நிற்கிறது. அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய இயந்திரம் கட்டியா, இல்லையா என்று நேராக ஒரு வார்த்தை சொல்லாதா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

வேணாட்டான் | ஞாயிறு, இரவு 9.58

வியாழன் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? காலையில் வண்டியைப் பிடித்துத் திருவனந்தபுரம் போங்கள். ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே 3 டெஸ்லா என்கிற, காந்தபலம் கூடிய இயந்திரத்தில் மறுபடி எடுத்தால் எல்லாம் தெளிவாகிவிடும். இங்கே எடுத்த படத்தை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

கருவியறை | ஞாயிறு, இரவு 11.15

நாகர்கோவிலில் எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்க்கிறேன். நோய் என்ன என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் அந்த இயந்திரம் ஏன் ஒரே வார்த்தையில் சொல்வதில்லை என்பதை என்னால் விளக்க முடியும்.

எம்.ஆர்.ஐ. கட்டியைத் தேடுவதில்லை. அது கேட்பது உடலில் உள்ள நீரை. நீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. அதன் அணுக்கரு ஒரு நுண்காந்தம். வழக்கமான இயந்திரத்தின் 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 30 ஆயிரம் மடங்கு. அந்தப் புலத்துக்குள் தலையை வைத்து, 64 மெகாஹெர்ட்ஸ் அளவில் ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால் அந்த அணுக்கருக்கள் நிலைகுலையும். மறுபடி பழைய நிலைக்குத் திரும்பும்போது சிறு சமிக்ஞை வரும். எவ்வளவு நேரத்தில் திரும்புகின்றன என்பது அந்த இடத்தின் தன்மையைப் பொறுத்தது. மழை விட்டபின் மணல் ஒரு மாதிரியும் வயல் களிமண் ஒரு மாதிரியும் காய்வதைப் போல. ரிப்போர்ட்டில் டி1, டி2 என்று வருவது இந்தத் திரும்பும் நேரங்களைத்தான். ஃபிளேர் என்றால், மூளையைச் சுற்றியுள்ள நீரின் ஒளியை அடக்கிவிட்டு வீக்கத்தை மட்டும் வெளிச்சமாகக் காட்டும் முறை.

உங்கள் கேள்வியை 1971லேயே ஒருவர் கேட்டார். ரேமண்ட் டமாடியன் என்ற அமெரிக்க மருத்துவர். எலிகளிலிருந்து எடுத்த புற்றுத் திசுவில் இந்தத் திரும்பும் நேரம் நல்ல திசுவைவிட நீள்கிறது என்று கண்டார். அப்படியானால் எண்ணை அளந்தே புற்றுநோயைச் சொல்லிவிடலாம் அல்லவா? அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. வீக்கமும் சீழும் பழைய காயமும்கூட அதே எண்ணைக் காட்டும். எண்ணைப் படமாக மாற்றும் வழியை 1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்டார்; பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் அதை வேகப்படுத்தினார். 2003இல் நோபல் பரிசு இந்த இருவருக்கும்தான். டமாடியன் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். அவர் பக்கம் நியாயம் கொஞ்சம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அது வேறு கதை.

ஊசியில் ஏற்றுகிற காடோலினியமும் கட்டியைத் தேடிப் போய் ஒட்டுவதில்லை. மூளையின் இரத்தக் குழாய்களுக்கு ஒரு காப்பு உண்டு. அது உடைந்த இடத்தில் மருந்து கசிந்து ஒளிரும். கட்டியும் உடைக்கும், காசநோயும் உடைக்கும், புழுவும் உடைக்கும். நடுப்பகுதி அழிந்து ஓரம் மட்டும் உயிரோடு இருந்தால் வளையமாகத் தெரியும். மூன்று நோய்க்கும் ஒரே வளையம் எப்படி வருகிறது என்று இப்போது புரியும்.

இரணியல் பெண் | திங்கள், காலை 6.20

சொந்த ஊர் இரணியல்; வெளியூரில் கதிரியல் மேற்படிப்பு படிக்கிறேன். படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை என்ன கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் எழுதுகிறேன்.

நம் நாட்டில் வலிப்போடு வருபவரின் மூளையில் ஒற்றைச் சிறு வளையம் தெரிந்தால், முதலில் நினைவுக்கு வருவது நாடாப்புழுவின் சிறு நீர்க்கட்டி, அதாவது சிஸ்டிசெர்கஸ். அடுத்தது காசநோய்க் கட்டி. புற்றுக்கட்டி அதற்கும் பின்னால்தான். இது ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை. இப்படிப்பட்ட சிறு வளையங்களை ஒருகாலத்தில் கட்டி என்றோ காசநோய் என்றோ எண்ணிச் சிகிச்சை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ராஜசேகர், சாண்டி முதலிய மருத்துவர்கள் அவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து, பல புழுவின் எச்சமே என்று காட்டினார்கள். 1993இல் அவர்கள் வெளியிட்ட அளவுகோலை இன்றும் படிக்கிறோம்: 20 மில்லிமீட்டருக்குள் இருந்து, உருண்டையாக இருந்து, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருந்தால் புழுவின் பக்கம் சாயலாம். அதைவிடப் பெரிதாகி, ஓரம் ஒழுங்கற்று, நடுக்கோட்டைத் தள்ளி, கை கால் பலமும் குறைந்துகொண்டே வந்தால் காசநோயின் பக்கம்.

வளையத்தின் ஓரமும் பேசும். மெல்லியதாக வழவழப்பாக இருப்பது ஒன்று. தடித்து, உட்புறம் பிசிறு பிசிறாக இருப்பது இன்னொன்று. பின்னது கிளியோபிளாஸ்டோமா போன்ற கொடிய மூளைப் புற்றுக்கட்டிகளில் அதிகம். சீழ்க்கட்டியில் நீரின் அசைவே தடைபடும். டிஃப்யூஷன் என்ற வகையில் எடுக்கும் பட வரிசையில் அதன் நடு பளிச்சென்று தெரியும். அழுகிய புற்றுக்கட்டியின் நடு பெரும்பாலும் அப்படித் தெரியாது. நரம்புறை அழிகிற நோயில் வளையம் முழுதாக மூடாமல் ஒரு பக்கம் திறந்திருக்கும். வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டி என்றால் பல இடங்களில் இருக்கலாம். புள்ளி சிறியதாக இருந்தாலும் சுற்றி வீக்கம் பெரிதாக இருக்கும்.

குலசேகரத்து அண்ணா, மூன்று கேள்விகள். ரிப்போர்ட்டில் நடுக்கோடு நகர்ந்திருப்பதாக இருக்கிறதா? கை இப்போது பலமாக இருக்கிறதா? அவருக்கோ வீட்டிலோ யாருக்காவது காசநோய் வந்ததுண்டா?

குலசேகரத்துக்காரன் | திங்கள், காலை 7.05

நடுக்கோடு நகரவில்லை என்று இருக்கிறது, தங்கை. கை நன்றாக இருக்கிறது. நேற்றே கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார், திட்டி உட்கார வைத்தோம். ஆனால் அவருடைய அப்பாவுக்குக் காசநோய் இருந்தது. அத்தான் சிறுவனாக இருந்த காலத்தில். மாத்திரை முழுதாகச் சாப்பிட்டுக் குணமானார் என்று சொல்கிறார்கள்.

சுங்கான்கடை | திங்கள், காலை 8.30

பன்றிக்கறி சாப்பிடுவாரா? புழு என்றால் அதிலிருந்துதான் வந்திருக்கும்.

குழித்துறை அக்கா | திங்கள், காலை 9.10

அரசுப் பணியில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். சுங்கான்கடைத் தம்பி, எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், பாதிதான் சரி. சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டை. குடலில் புழு உள்ளவர் மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கையாலும் பச்சைக் காய்கறியாலும் தண்ணீராலும் இன்னொருவர் வாய்க்குள் போகிறது. வாழ்நாளில் கறியே தொடாதவர்களுக்கும் இந்த வலிப்பு வரும். இதை வைத்து அந்த வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

குலசேகரத்துத் தம்பி, வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. கத்தியைத் தீட்டுவது இருக்கட்டும்; இருட்டில் தனியாகத் தோட்டத்துக்குப் போகக் கூடாது. பைக் ஓட்டக் கூடாது, மரம் ஏறக் கூடாது, குளத்தில் இறங்கக் கூடாது. மருத்துவர் சொல்லும்வரை அப்படித்தான். தெரிந்தவர் சொன்னார் என்று கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வீக்கம் வடியும், தலைவலி நிற்கும், எல்லாரும் மகிழ்ச்சி அடைவார்கள். ஆனால் லிம்ஃபோமா என்ற வகைக் கட்டியாக இருந்தால் அது ஸ்டீராய்டில் படத்திலிருந்தே மறைந்துவிடும். பிறகு ஊசி போட்டுத் திசு எடுத்தாலும் விடை கிடைக்காது.

நாங்கள் பயிற்சி பெற்ற காலத்தில் முதுகில் ஊசி குத்திக் காற்றைச் செலுத்தி, அந்தக் காற்று மூளையின் அறைகளுக்கு ஏறியபின் எக்ஸ்ரே எடுப்பார்கள். அறை ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அந்தப் பக்கம் ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம். நோயாளி தலைவலியில் கத்துவார், வாந்தி எடுப்பார். அவ்வளவு பாடுபட்டும் கட்டி நேராகக் கண்ணில் படாது, நிழல்தான். வாய்ப்பு அதிகம் என்ற ரிப்போர்ட்டைப் பார்த்து இன்று கோபப்படுகிறீர்கள். எங்களுக்கு அது பெரிய பாக்கியமாக இருந்திருக்கும்.

மணவாளக்குறிச்சி | திங்கள், மதியம் 1.45

எங்கள் ஊர்ப் பக்கம் யாருக்குக் கட்டி என்றாலும் கடற்கரை மணலைத்தான் கை காட்டுவார்கள். தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு இருக்கிறது, உண்மைதான். அதற்கு மேல் இந்த ஸ்கேனும் எடுத்தால் கதிர்வீச்சு கூடாதா?

கருவியறை | திங்கள், மதியம் 2.30

கூடாது. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும் மட்டும்தான். சி.டி.யில்தான் எக்ஸ்ரே.

மணலைப் பற்றிச் சொல்கிறீர்களே, உங்கள் ஊரில் மோனசைட் என்ற தோரியம் கலந்த கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். கயிற்று மூட்டையில் ஒட்டியிருந்த மணலிலிருந்து துப்புக் கிடைத்தது என்பார்கள். அந்த மோனசைட்டில் இருக்கும் அருமண் தனிமங்களில் காடோலினியமும் சிறிதளவு உண்டு. எந்த மணலைக் குற்றம் சொல்கிறோமோ அதிலுள்ள ஒரு தனிமத்தைத்தான் கட்டியைப் பார்க்க ஊசியில் ஏற்றுகிறோம்!

இரணியல் பெண் | திங்கள், மாலை 5.50

மணலைப் பற்றி ஒரு வரி. நம் கரையைப் போலவே மோனசைட் மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மணலின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை.

குலசேகரத்து அண்ணா, அத்தானின் அப்பாவுக்கு வந்த காசநோயை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது ஒன்றே முடிவைத் தீர்மானிக்காது. மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். இன்னொன்று முக்கியம்: ஃபிலிமை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். வழக்கமான வரிசைகள் 5 மில்லிமீட்டர் தடிப்பில் வெட்டப்படும். புழுவின் தலை அதைவிடச் சிறியது. இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் தப்பிவிடலாம். 1 மில்லிமீட்டர் அளவில் முப்பரிமாண வரிசை எடுத்திருந்தால் அதில் தேடலாம். வளையத்துக்குள் ஓரமாக ஒரு புள்ளி தெரிந்தால் அது புழுவின் தலை; அதற்கு மேல் வாதமே இல்லை.

வேணாட்டான் அண்ணா, 3 டெஸ்லா சில இடங்களில் பெரிய உதவி. பிட்யூட்டரிச் சுரப்பியின் சிறு கட்டி, பேச்சுப் பகுதி எங்கே என்று அறுவைக்கு முன் பார்ப்பது போன்றவற்றுக்கு. 14 மில்லிமீட்டர் வளையத்தை 1.5 டெஸ்லாவே நன்றாகக் காட்டும். என்ன வரிசை எடுத்தார்கள், யார் பார்த்தார்கள், அவருக்கு நோயாளியின் கதையைச் சொன்னார்களா என்பதுதான் பெரிய வித்தியாசம். ‘தலைவலி’ என்று ஒற்றைச் சொல் எழுதிய சீட்டோடு வருகிறவர்களுக்கு நாங்கள் எப்படி ரிப்போர்ட் எழுதுவது?

தோவாளை | செவ்வாய், இரவு 10.05

எல்லாரும் புழு புழு என்று ஆறுதல் சொல்கிறீர்கள். மறுபக்கத்தை ஒருவர் சொல்ல வேண்டும். என் தம்பிக்கும் வலிப்பில்தான் தொடங்கியது. எம்.ஆர்.ஐ.யில் வளையமே இல்லை. ஃபிளேரில் ஒரு பகுதி வெள்ளையாக வீங்கியிருந்தது. வலிப்பினால் வந்த வீக்கமாகவும் இருக்கலாம், சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தது. மாத்திரையில் வலிப்பு நின்றது. விசா வந்தது. அவன் துபாய்க்குப் போய்விட்டான். அடுத்த ஸ்கேன் எடுத்தது மறுபடி வலிப்பு வந்து ஊர் திரும்பியபின். அப்போது அது வளர்ந்திருந்தது. அறுவை செய்து திசுவைப் பார்த்தபோது ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மூளைக் கட்டி என்று வந்தது.

வலிப்பு வீக்கமா, கட்டியா என்று முதல் படம் பிரித்துக் காட்டவில்லை. இரண்டாவது படம் காட்டியிருக்கும். காத்திருங்கள் என்று சொல்கிறவர்கள், எந்தத் தேதி வரை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரணியல் பெண் | புதன், காலை 6.40

அண்ணா சொல்வதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம். வலிப்பு முடிந்த சில நாட்களுக்கு மூளையின் மேற்பரப்பு வீங்கி, கட்டி போலவே தெரியலாம். வலிப்பின் வீக்கம் வாரங்களில் வடியும், கட்டி வடியாது.

தம்பியின் திசுவில் ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் உண்டா என்று பார்த்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் அந்தப் பரிசோதனை இல்லாமல் இந்தக் கட்டிகளுக்குச் சரியான பெயரே வைக்க முடியாது. அவ்வகைக் கட்டி சிலவற்றில் டி2 படத்தில் முழுதும் வெள்ளையாகவும், ஃபிளேரில் ஓரம் தவிர நடு மங்கியும் தெரியும். அப்படித் தெரிந்தால் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பெரும்பாலானவற்றில் அந்த அடையாளமும் இருக்காது. திசுதான் கடைசி வார்த்தை.

கொல்லங்கோட்டு வெல்டர் | புதன், மதியம் 12.20

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். நான் சவூதியில் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவன். கண்ணில் இரும்புத் துகள் தெறித்ததுண்டா என்று கேட்டார்கள். ஆம் என்றதும் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பின்தான் உள்ளே விட்டார்கள். கண்ணுக்குள் தங்கிய துகளைக் காந்தம் இழுத்தால் பார்வை போய்விடுமாம். பட்டறையில், கடைசல் வேலையில் இருந்தவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

கருவியறை | புதன், மதியம் 1.00

நன்றி, அண்ணே. பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, மூளை இரத்தக் குழாயில் போட்ட பழைய கிளிப், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வைத்தபோது கொடுத்த அட்டை இருந்தால் கொண்டுவர வேண்டும். அறையில் ஆள் இல்லாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018இல் மும்பையில் நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போய் உயிரிழந்தார். அதனால்தான் வாசலில் நாங்கள் கொஞ்சம் முரட்டுத்தனமாக நிற்கிறோம்.

திருவட்டாறு மயினி | புதன், இரவு 8.15

எனக்கு ஒரு பக்கத் தலைக்குள் மெனிஞ்சியோமா என்ற மூளை உறைக் கட்டி. படத்தைப் பார்த்த உடனேயே மருத்துவர் பெயர் சொல்லிவிட்டார்: மூளைக்கு வெளியே, உறையில் ஒட்டி, ஒரே சீராக ஒளிர்ந்து, உறையின் வழியாக வால் போல நீண்டிருந்ததாம். அறுவைக்குப் பின் திசுவும் அதையே சொன்னது, முதல் நிலை. ஆகவே எல்லா ஸ்கேனும் குழப்பும் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

என்னைக் கலக்கியது வேறு. தாலியைக் கழற்றச் சொன்னார்கள். மாமியார் முகம் வாடிவிட்டது. கடைசியில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டு போனேன். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. உள்ளே சத்தம் பெரிது. காதில் பஞ்சு வைப்பார்கள். கையில் ஒரு பந்து தருவார்கள். முடியவில்லை என்றால் அழுத்தலாம். அந்தப் பந்து கையில் இருந்ததால்தான் முழு நேரமும் அசையாமல் கிடந்தேன்.

குலசேகரத்துக்காரன் | வியாழன், இரவு 9.20

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். குறுந்தட்டைக் கணினியில் போட்டு நிதானமாகப் பார்த்தார். மெல்லிய வரிசை ஒன்று எடுத்திருந்தார்கள்; அதில் வளையத்துக்குள் ஒரு புள்ளி இருப்பதைக் காட்டினார். எனக்கும் தெரிந்தது, தெரிந்ததாக நினைத்தேனோ என்னவோ. புழுவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் புள்ளி அவ்வளவு தெளிவில்லை, மூன்று மாதத்தில் மறுபடி எடுத்து வளையம் சுருங்குகிறதா என்று பார்ப்போம் என்றார். மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கண்ணின் உள்ளேயும் விளக்கு அடித்துப் பார்த்தார். தலைக்குள் அழுத்தம் இல்லையாம். வலிப்பு மாத்திரை தொடர வேண்டும். புழுவுக்கான மருந்தும், அதோடு சில நாட்களுக்கு ஸ்டீராய்டும் எழுதியிருக்கிறார். குழித்துறை அக்கா சொன்னதை அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, கடையில் தானாக வாங்குவது வேறு, இது வேறு என்றார்.

தோவாளை அண்ணே, தேதியைக் கேட்டு ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வாங்கிவிட்டேன். அக்கா அதை அடுக்களைக் காலண்டரிலும் வட்டம் போட்டுவிட்டாள்.

ஒரு சந்தேகம். அடுத்த முறையும் அந்த ஊசி மருந்து ஏற்ற வேண்டுமா? அத்தானுக்குச் சர்க்கரை உண்டு.

கருவியறை | வியாழன், இரவு 10.10

ஒப்பிட்டுப் பார்க்க ஏற்ற வேண்டியிருக்கும். வளையம் சுருங்கியதா என்பது அதில்தான் தெரியும். சர்க்கரை ஒன்றும் தடையில்லை, சிறுநீரகம்தான் கேள்வி. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குச் சில வகைக் காடோலினிய மருந்துகளால் தோல் இறுகும் ஒரு கொடிய நோய் வந்ததுண்டு. ஆகவே ஸ்கேனுக்கு முந்தைய வாரம் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டோடு வாருங்கள். முடிந்தால் அதே இயந்திரத்தில், அதே வரிசைகளில் எடுங்கள். பழைய குறுந்தட்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அது இல்லாமல் வருகிறவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி எடுத்துவரச் சொல்வது என் வழக்கம், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

வேணாட்டான் | வியாழன், இரவு 10.25

அப்படியே செய்யுங்கள். மூன்று மாதத்தில் சுருங்கவில்லை என்றால் மட்டும் திருவனந்தபுரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.